ஐம்பதிலும் வளையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

கல்லூரியில் மூன்றாண்டுகள் பயின்று வெளியேறும் ஒருவரிடம், எத்தனை தாள்களில் தேர்ச்சி பெற்றீர் என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவார். கோபம் வந்தபோது அதை எப்படிக் கையாண்டீர், உடன் பயின்றவர் மனம் வாடியிருந்ததை எவ்வாறு அறிந்தீர், புரியாத ஒன்றைப் புரியவில்லை என்று எழுந்து நின்று கேட்டீரா என வினவினால் விழிப்பார். இவை எந்தத் தாளிலும் இல்லை. ஆயினும் வேலைக்குப் போன மறுநாளே உலகம் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இவைதாம்.

1993ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளில் வளர்க்க வேண்டிய வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினை வகுத்துத் தந்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தை எதிர்கொள்ளுதல், பிறரோடு இணங்கிப் பழகுதல், எடுத்துச் சொல்லுதல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல் என்பன அவை. இவற்றில் பாதிக்கு மேல் நமக்குப் புதியவை அல்ல. இனியவை கூறல், பொறையுடைமை, வெகுளாமை, கண்ணோட்டம் என்று திருக்குறளில் தனித்தனி அதிகாரங்களே உள்ளன. பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றோம். வெகுளாமை அதிகாரத்தை ஒப்பித்துவிட்டு வெளியே வந்ததும் வரிசையில் முந்தியவன் சட்டையைப் பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சொல்லிக் கொடுப்பதால் மட்டும் இத்திறன்கள் வந்துவிடுவதில்லை என்பது தெளிவு. அப்படியானால் எங்கே, எப்படி வருகின்றன? இதுவே நான் ஆராய விரும்பும் பொருள்.

காத்திருக்கும் பிள்ளை

பொறுமையை அளந்து பார்த்த ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் மிஷெல் என்னும் உளவியலார் 1970ஆம் ஆண்டையொட்டி அதனை நடத்தினார். மழலையர் பள்ளிக் குழந்தை முன் ஓர் இனிப்பை வைத்து, "நான் திரும்பி வரும்வரை இதைத் தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். சில குழந்தைகள் காத்திருந்தன. சில உடனே வாயில் போட்டுக்கொண்டன. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்று எழுதப்பட்டது. அதைப் படித்த உலகமும், பொறுமை என்பது சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த குணம் என்ற முடிவுக்கு வந்துவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவினரும் இச்சோதனைக்கு முன்னால் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சேர்த்தார்கள். 28 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். படம் வரைய மட்டமான வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லது கொண்டு வருகிறேன்" என்றார்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னபடியே கொண்டு வந்து கொடுத்தார்கள். மற்றப் பிரிவிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையே என்றார்கள். ஒட்டுப்படங்களை வைத்தும் இதேபோல் ஒருமுறை செய்தார்கள். அதன் பிறகுதான் இனிப்பு வந்தது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் காத்திருந்தது 3 நிமிடம்.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கையில் கிடைத்ததை உடனே தின்றுவிடும் பிள்ளை பொறுமையற்ற பிள்ளை என்று யார் சொன்னது? நாளை கிடைக்கும் என்று சொன்னது எதுவும் நாளை கிடைத்திராத வீட்டில், இன்றே தின்பதுதானே அறிவு! 2018இல் மிஷெலின் சோதனையை ஏறத்தாழ 900 குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பத்தின் வசதியையும் தாயின் கல்வியையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்தப் பழைய தொடர்பு பெரிதும் குறைந்துபோகிறது என்று கண்டார்கள். எனவே குழந்தையின் பொறுமையை அளக்கும்போது, அதன் எதிரே நிற்கும் பெரியவரின் சொல்லையும் சேர்த்தே அளக்கிறோம் எனலாம்.

திண்ணையில் இருபது பேர்

சோதனைக்கூடத்தை விட்டுத் திருவரங்கத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 27ஆம் நாள், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிளஸ் டூ முடித்து வீட்டிலிருந்த என் அக்காள், மேலூர் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் அப்படியொரு மையத்தை நடத்தினாள். இடம், பக்கத்து வீட்டுப் பாட்டியின் திண்ணை.

எழுத்து மறந்துவிட்டது, கணக்கு மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அக்காள் முதல் வாரத்தில் கண்டது வேறு. இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. வட்டமாக உட்காரத் தெரியவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கத் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தருகே தள்ளுமுள்ளு. ஒரு சிறுமி யார் தொட்டாலும் கடித்தாள். ஒரு சிறுவன் பேசவே இல்லை. வீட்டுக்குள் ஒரே அறையில், ஒரு கைப்பேசிக்கு மூன்று பேராய், இருபது மாதம் கிடந்த பிள்ளைகள். தம் வயதுடைய இன்னொரு பிள்ளையோடு இணங்கிப் போவது எப்படி என்பதை அவர்கள் அந்தக் காலத்தில் எங்கே கற்றிருக்க முடியும்?

அக்காள் அடுத்த வாரம் முதல் பாடத்தைச் சற்றுத் தள்ளி வைத்தாள். ஆட்டம் ஆட வைத்தாள். பாண்டி, பல்லாங்குழி, கல்லாங்காய் ஆகிய இம்மூன்றிலும் ஒரு பொது இயல்பு உண்டு. தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் முறை கட்டாயம் வரும். கோட்டை மிதித்தால் வெளியே போக வேண்டும், ஆனால் அடுத்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே வரலாம். தோல்வியைத் தாங்குவதற்கு இதைவிட நல்ல பாடநூலை யாரும் எழுதிவிடவில்லை என்பது என் துணிபு. ராச்செஸ்டர் ஆய்வாளர்கள் கண்டதைப் பாண்டிக் கட்டம் எத்தனையோ தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறது.

மற்றொன்றும் செய்தாள். திண்ணை ஓரத்தில் இரண்டு கொட்டாங்கச்சிகளை வைத்தாள். வரும்போதே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். மனம் நன்றாக இருந்தால் வலப்பக்கம், நன்றாக இல்லையென்றால் இடப்பக்கம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேட்கவும் கூடாது. முதலில் எல்லாரும் வலப்பக்கமே போட்டார்கள். நாளாக ஆக, இடப்பக்கமும் கொட்டை சேர்ந்தது. பிறகு, இடப்பக்கம் போட்டவர்களில் விருப்பமுள்ளவர் அது எப்படிப்பட்ட வருத்தம் என்று ஒரு சொல்லில் சொல்லலாம் என்றாள். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே சொல் "கோவம்". பயமும் கோவம், ஏக்கமும் கோவம், வெட்கமும் கோவம். அக்காள் ஒவ்வொரு நாளும் ஒரு சொல்லைக் கதையில் வைத்துக் கொடுத்தாள். ஏக்கம் என்ற சொல்லைக் கற்ற அன்று, கடிக்கும் சிறுமி, "எனக்குக் கோவம் இல்லக்கா, ஏக்கம்" என்றாளாம். அவள் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அதன் வேகம் தணியும் என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. 2007இல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். சினமும் அச்சமும் காட்டும் முகங்களைப் பார்ப்பவர், அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்து சொல்லும்போது, அச்சத்துக்கு உடனடியாக எதிர்வினை காட்டும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைவதைக் கண்டார்கள். நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உணர்ச்சிகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று காட்டியது நினைவுக்கு வருகிறது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் தலைவனும் ஒன்று. நம்மில் பலருக்குத் துறைத்தலைவர் அறை வாசல் அந்த வகையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். (துறைத்தலைவர் அவர்கள் பொறுத்தருள்க.)

பேசாத சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஒன்பது நாள் தொடர்ந்து இடப்பக்கமே கொட்டையைப் போட்டான். அக்காள் எதுவும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அவனாகவே, "ஆயா எப்பக்கா வரும்?" என்று கேட்டான். அவனைப் பக்கத்தில் படுக்க வைத்துக் கதை சொல்லி வளர்த்த பாட்டி, அந்த ஆண்டு மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனைக்குப் போனவர், திரும்பவில்லை. ஊருக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அவன் ஆறு மாதமாகக் காத்திருந்தான். அக்காள் அவன் அம்மாவிடம் போய், "அவனுக்கு ஏதோ தெரியும் அத்தை. நீங்க வாயால சொன்னாத்தான் அவன் அழுவான்" என்றாள். அந்த அம்மா முதலில் கோபப்பட்டார்; ஊரார் பிள்ளையைப் பற்றி நீ என்ன பேசுவது என்றார். மூன்று நாள் கழித்துச் சொன்னார். சிறுவன் இரவெல்லாம் அழுதானாம். அதன் பிறகும் சில வாரங்கள் இடப்பக்கம்தான் போட்டான். ஆனால் வட்டத்தில் பேசத் தொடங்கினான்; முதலில் பேசியது ஆயாவைப் பற்றித்தான்.

2023இல் அக்காளுக்குத் திருமணம் ஆனதும் எங்கள் தெரு மையம் நின்றுவிட்டது. அந்த அம்மா இன்றும் கடைத்தெருவில் கண்டால் அவளை நலம் விசாரிக்கிறார்.

பந்தி

பிள்ளைகள் சேர்ந்து ஆடும் இடத்தைச் சொன்னேன். சேர்ந்து உண்ணும் இடமும் அதற்குக் குறைந்ததன்று. நம் திருச்சி வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். விடுதலைப் போராட்ட வீரர், தமிழ்ச் சிறுகதை முன்னோடி, நாடு போற்றிய அறிஞர். அவர் 1920களில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், நாட்டுப்பற்று எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்ண வைக்கப்பட்டனர். அவர்களுடைய பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயர் தரப்பு விளக்கம். பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதனை எதிர்த்தனர். தமிழ்நாடு காங்கிரசே கொந்தளித்தது. அரசியல் நமக்கு இங்கு வேண்டாம். மாணவன் என்ற முறையில் என் வினா இதுதான்: அக்குருகுலத்துப் பிள்ளைகள் வகுப்பில் கற்ற ஒற்றுமையை நினைவில் வைத்திருப்பார்களா, சாப்பாட்டு வேளையில் கற்ற வேற்றுமையை நினைவில் வைத்திருப்பார்களா?

இனி, அதே திருச்சியின் இன்னொரு முகம். 1982 ஜூலை 1ஆம் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் பாப்பாக்குறிச்சி. நம் நகரை ஒட்டியது. காமராசர் காலத்து மதிய உணவு 1956 முதலே இருந்தது என்றாலும், அங்கன்வாடிக் குழந்தைகள் வரை அது விரிந்தது இத்திட்டத்தால்தான். பசியைப் போக்கியது, வருகையைக் கூட்டியது என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது வரிசையைப் பற்றி. தட்டை ஏந்தி நிற்கும்போது முன்னால் நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க முடியாது. எல்லாருக்கும் வைத்து முடிக்கும்வரை கையை மடியில் வைத்திருக்க வேண்டும். பக்கத்திலிருப்பவனுக்கு முட்டை பிடிக்காவிட்டால் அது நமக்கு வரும்; நமக்குப் பிடிக்காத கேரட் அவனுக்குப் போகும். பேரம் பேசவும், பகிரவும், சண்டைக்குப் பின் சமாதானமாகவும் நான் கற்ற இடம் எங்கள் தொடக்கப்பள்ளி வேப்பமரத்தடிதான். எங்கள் வீட்டில் ஒரு வேளை அரிசி மிச்சமாயிற்று என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இது எளிது. பெரியவர்களுக்குத்தான் கடினம். 2023 செப்டம்பரில், அடுத்துள்ள கரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், காலை உணவு சமைப்பவர் பட்டியல் இனத்தவர் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோர்களிலும் பலர் சத்துணவு உண்டு வளர்ந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆகவே சிறுவயதில் ஒருமுறை கற்றுவிட்டால் போதும் என்று நாம் இருந்துவிட முடியாது.

பெரியவர் கற்பது

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. இதை எனக்குப் பொய்யாக்கிக் காட்டியது, நமக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பிக்கும் இயக்கம் சைக்கிள் ஓட்டவும் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எனப் பல்லாயிரவர் ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்து போயிற்று. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்றும் சொன்னார்கள். தெருவில் கேலி பேசியவர்கள் ஏராளம். ஒருத்தி தனியே ஓட்டியிருந்தால் அந்தக் கேலியைத் தாங்கியிருக்க மாட்டாள்; நூறு பேர் சேர்ந்து ஓட்டியபோது கேலி பேசியவர்தாம் வழிவிட வேண்டியிருந்தது. துணிவு என்ற திறன் அங்கே மேடைப் பேச்சினால் வளரவில்லை. விழுந்தால் பிடிக்க ஓர் ஆள் பின்னால் ஓடி வந்தார், அதனால் வளர்ந்தது.

என் தந்தையார் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அங்கே அவரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்குக் கூலித் தகராறு என்றால், "வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் பேசுவோம்" என்று இருவரையும் பிரித்து, ஒரு குவளை டீ முடிவதற்குள் தீர்த்துவிடுவார். லாரிக்காரர் குரலை வைத்தே அவர் எத்தனை மணி நேரம் உறங்கவில்லை என்று சொல்வார். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தில் எட்டு அவரிடம் இருப்பதாக நான் கணக்கிட்டேன். அதே மனிதர் ஓர் அலுவலகத்தில் என் சான்றிதழுக்காகச் சன்னல் முன் நின்றபோது தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு சொல் கேட்கவில்லை. "நாளைக்கு வா" என்றார்கள், வந்துவிட்டார். நான்கு நாளைக்குப் போனார். நாளைக்கு என்ற சொல் அங்கே நான்கு முறை பொய்த்தது.

அவருக்குத் திறன் இல்லை என்று யார் சொல்ல முடியும்? மார்க்கெட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் வரும், சன்னலில் வராது. அந்த மூன்று நிமிடப் பிள்ளைகளுக்கும் என் தந்தைக்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று விரிவுரையாளர்கள் வருந்துகிறார்கள். கூச்ச சுபாவம் என்கிறார்கள். அவர்களே நம்மைச் சத்திரம் பேருந்து நிலையத்தில், நண்பர் கூட்டத்தில் ஒருமுறை பார்த்தால் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்!

நம் கல்லூரியில்

நிற்க. இதற்கென ஒரு புதிய தாள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கும் உள்மதிப்பீடு வைத்துவிடுவார்கள். இருக்கிற இடங்களையே சற்று மாற்றினால் போதும். ஆய்வுக்கூடத்தில் இருவருக்கு ஒரு நுண்ணோக்கி. ஆண்டு முழுவதும் ஒருவர் பார்க்கிறார், மற்றவர் எழுதுகிறார். வாரந்தோறும் மாறினால், பார்ப்பவர் எழுதுபவருக்கு எடுத்துச் சொல்லக் கற்பார். "அடுத்த வகுப்பில் விளக்குகிறேன்" என்று விரிவுரையாளர் சொன்னால் அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கலாம். விளக்கிய பிறகு அழிக்கலாம். எங்கள் வகுப்பில் ஒரு பேராசிரியர் இதைச் செய்கிறார். அவர் வகுப்பில் கேள்விகள் அதிகம் வருவதை நான் எண்ணியே பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு சேர்க்கை முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்கியபோது, நாங்கள் ஆறு பேர் பத்து நாட்கள் அலுவலகச் சன்னலருகே நின்றோம். உதவித்தொகை விண்ணப்பம், பேருந்துச் சலுகை அட்டை, மாற்றுச் சான்றிதழ் நகல் என்று தயங்கி நிற்கும் புதியவர்களோடு உடன் சென்றோம். அவர்களுக்காக நாங்கள் பேசவில்லை. பக்கத்தில் நின்றோம், அவ்வளவே. என்ன கேட்பது என்று முன்கூட்டி ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்தோம். இன்று முடியாது என்று பதில் வந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொன்னோம். அலுவலக ஊழியர்கள் முதலில் எங்களை ஐயத்தோடு பார்த்தார்கள். மூன்றாம் நாள், விண்ணப்பங்கள் பிழையின்றி வருகின்றன என்று அவர்களே சொன்னார்கள். ஒரு மாணவி ஐந்தாம் நாள் தன் தோழியை அழைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி நேரே சன்னலுக்குப் போனாள்.

வரும் கல்வியாண்டில் இதற்கு இருபது பேராவது தேவை. காலை, மாலை இரு சுற்றுகளுக்கும் ஆள் வேண்டும். பெயர் தர விரும்பும் நண்பர்கள், விலங்கியல் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள தாளில் தம் பெயரையும் வகுப்பையும் வரக்கூடிய நேரத்தையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.